கலக்காத குப்பையே முதல் பசுமை

சுற்றுச்சூழலுக்கு இசைந்து வாழ வேண்டும் என்கிற எண்ணம் இன்று நகரத்து நடுத்தர வீடுகள்வரை வந்துவிட்டது. வந்த எண்ணத்தைச் சந்தை முந்திக்கொண்டு பிடித்துக்கொண்டது. மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, சணல் பை, ‘இயற்கை’ என்று லேபிள் ஒட்டிய தரை துடைக்கும் திரவம் என வாங்குவதற்கு நீண்ட பட்டியல் காத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்ததும், 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியதும் தேவையான நடவடிக்கைகளே. ஆனால், எதையாவது வாங்கினால் வீடு பசுமையாகிவிடும் என்ற நம்பிக்கைக்குக் கணக்கு ஒத்துழைப்பதில்லை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பை புவி வெப்பமாதல் கணக்கில் மேலானதாக வேண்டுமென்றால், அதை 131 முறை பயன்படுத்தியிருக்க வேண்டும். ஒரே மஞ்சப்பையை நைந்துபோகும்வரை தூக்கிச் சென்ற தலைமுறை இந்தக் கணக்கில் தேறிவிடும். ஒவ்வொரு விழாவிலும் கிடைக்கும் துணிப்பையை அலமாரியில் அடுக்கி வைக்கும் வீடு தேறாது.

அப்படியானால் ஒரு வீடு எங்கிருந்து தொடங்குவது? சமையலறைக் கழிவை மற்றக் குப்பையோடு கலக்காமல் இருப்பதிலிருந்து என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஏசி ஓடும் நேரமும் கார் ஓடும் தூரமும் கரியமிலக் கணக்கில் இதைவிடப் பெரிதாக இருக்கும் வீடுகள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அவை வசதியைப் பொறுத்தவை. ஏசியே இல்லாத வீட்டுக்கு அதைக் குறைத்து வையுங்கள் என்று சொல்வதில் பொருளில்லை. காய்கறித் தோலும் வடிகட்டிய டீத்தூளும் மீந்துபோன குழம்பும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலும் உண்டு, கடற்கரைச் சாலை மாளிகையிலும் உண்டு. நாள் தவறாமல் எல்லா வீடுகளிலும் உருவாகி, பைசா செலவில்லாமல் இன்றைக்கே மாற்றிக்கொள்ளக்கூடியதாகவும், மாற்றாவிட்டால் அதன் தீங்கு யார் தலையில் விடிகிறது என்று விரல் நீட்டிச் சொல்லக்கூடியதாகவும் இருக்கும் வீட்டுப் பழக்கம் இதுபோல் வேறொன்று இல்லை.

முதலில் அளவைப் பார்ப்போம். இந்திய நகரங்களில் ஒருவர் ஒரு நாளில் உருவாக்கும் குப்பை சராசரியாக அரைக் கிலோவை ஒட்டியது. அதில் ஏறத்தாழ பாதி மக்கக்கூடிய ஈரக் கழிவு. நால்வர் கொண்ட குடும்பத்தில் அது நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. ஆண்டுக்கு 300 கிலோவுக்குக் குறையாது. அந்த எடையில் முக்கால் பங்கு வெறும் தண்ணீர். ஆக, சென்னை போல நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேரும் மாநகரில், டீசலை எரித்து லாரிகள் சுமந்துபோவதில் கணிசமான பகுதி வாழைத்தண்டிலும் தர்ப்பூசணித் தோலிலும் இருக்கும் நீர்தான். மண்ணில் கிடந்தால் இரண்டே மாதத்தில் எருவாகியிருக்கக்கூடிய பொருளை, மாநகராட்சிப் பணத்தில் இருபது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய், இன்னொருவர் வீட்டருகே கொட்டிவிட்டு வருகிறோம்.

கொட்டிய பிறகு நடப்பது அதைவிட மோசம். காற்றோட்டத்தில் மக்கும் கழிவிலிருந்து பெரும்பாலும் கரியமில வாயுவே வெளிவரும். பல மீட்டர் உயரக் குவியலுக்கு அடியில், காற்றே புகாத இடத்தில் அழுகும் கழிவோ மீத்தேனை உமிழும். நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கும், இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடிய வாயு அது. அழுகலில் வடியும் கருஞ்சாறு, கலந்து கிடக்கும் பேட்டரி, பல்பு, மருந்துகளின் நஞ்சையும் அரித்துக்கொண்டு நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. கோடையில் மீத்தேன் பற்றிக்கொண்டால், கூடவே கிடக்கும் பிளாஸ்டிக் எரிபொருளாகிறது. சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் 2022 ஏப்ரலிலும், கோவை வெள்ளலூரில் 2024 ஏப்ரலிலும், கொச்சி பிரம்மபுரத்தில் 2023 மார்ச்சிலும் நாள்கணக்கில் புகைந்த தீ இதற்குச் சாட்சி. பெருங்குடிக் கிடங்கு ஒட்டிக்கொண்டிருப்பதோ 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை. கொழும்பில் மீத்தொட்டமுல்ல குப்பைமேடு 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளிலேயே, வீடுகளின் மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. குவிந்ததை அகற்றும் செலவும் சிறிதல்ல: பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங் முறையில் பெருங்குடியை மீட்க சுமார் 350 கோடி ரூபாய், வட சென்னையின் கொடுங்கையூர்க் கிடங்குக்கு 600 கோடிக்கும் மேல் என்று திட்டமிடப்பட்டது. கலந்து கொட்டியதைக் கடைசியில் சலித்துப் பிரிக்கத்தான் இத்தனை பணமும்.

கலப்பதால் கெடுவது ஈரக் கழிவு மட்டுமல்ல. உலர்ந்த கழிவும் வீணாகிறது. பிரிக்கும் பழக்கம் நமக்குப் புதிதென்று நினைப்பது தவறு. நாளிதழ்களைத் தனியே அடுக்கி, எண்ணெய் டின், பால் கவர், பீர் பாட்டில், இரும்புச் சாமான் என்று வகைபிரித்துப் பழைய பேப்பர் கடைக்காரருக்காகக் காத்திருக்கும் வீடுகள் இன்றும் ஏராளம். காசு கிடைப்பதையெல்லாம் கச்சிதமாகப் பிரிக்கத் தெரிந்த அதே கைகள், காசு கிடைக்காத ஒன்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கலந்துவிடுகின்றன. ஆனால் அந்த ஒன்று கலந்ததும் மற்றவையும் மதிப்பிழக்கின்றன. சாம்பார் ஊறிய அட்டைப்பெட்டியைக் காயலான் கடையில் வாங்கமாட்டார்கள். தயிர் படிந்த பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவி எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பும் செலவு, அதன் விலையைத் தாண்டிவிடும். மறுசுழற்சி நம் ஊரில் எடுபடவில்லை என்று அலுத்துக்கொள்கிறோம். தொழிற்சாலைக்குப் போகும் முன்பே, நம் கூடையிலேயே அது தோற்றுவிடுகிறது.

இந்தத் தோல்வியின் சுமை சமமாக விழுவதில்லை. கலந்து கொட்டப்பட்ட குப்பை தானாகப் பிரிந்துகொள்ளாது. யாரோ ஒருவர் கையால் கிளறித்தான் அதைப் பிரிக்க வேண்டும். உடைந்த கண்ணாடியும் பிளேடும் ஊசியும் பயன்படுத்திய நாப்கினும் அழுகிய சோற்றோடு கலந்து கிடக்கும் பையைப் பேட்டரி வண்டியின் ஓரத்தில் நின்று கிழித்துப் பார்க்கும் தூய்மைப் பணியாளர்கள் யார் என்று நமக்குத் தெரியும். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள், கணிசமானோர் பெண்கள், நிரந்தரப் பணியின் பாதுகாப்பும் பலருக்கு இல்லை. வீட்டுக்குள் பத்து நொடியில், கை அழுக்காகாமல் முடிந்திருக்கக்கூடிய வேலையை, தலைமுறை தலைமுறையாக ஒரு பிரிவினர் மீது சுமத்தப்பட்ட இழிவாக நீடிக்கவிடுவது சுற்றுச்சூழல் பிரச்சினை மட்டுமல்ல. கிடங்குகள் எங்கே அமைகின்றன என்பதிலும் இதே பாரபட்சம்தான். கொடுங்கையூரின் நாற்றம் வட சென்னைத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு உரியதானது தற்செயலல்ல.

சட்டம் இதை எப்போதோ சொல்லிவிட்டது. சுற்றுச்சூழல் ஆர்வலர் அல்மித்ரா படேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக 2000இல் நகர்ப்புறத் திடக்கழிவு விதிகள் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2016இல் வந்த விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு விளைவிக்கும் குப்பை என மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதை வீட்டாரின் கடமையாக்கின. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் ஈரக் கழிவை இயன்றவரை தங்கள் எல்லைக்குள்ளேயே கையாள வேண்டும் என்றன. இது ஏட்டளவில் நிற்கும் கனவல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. கேரளத்தின் ஆலப்புழை நகரின் குப்பை போய்க்கொண்டிருந்த சர்வோதயபுரத்தில், மக்கள் போராடி லாரிகளைத் தடுத்தார்கள். கொட்ட இடமில்லாத நகரம் 2012இல் வழியை மாற்றியது. வீடுகளுக்கு மானிய விலையில் சாண எரிவாயுக் கலன் போன்ற சிறு கலன்களும் குழாய் உரத்தொட்டிகளும் தரப்பட்டன. தெருமுனைகளில் காற்றோட்டமான உரத்தொட்டிகள் எழுந்தன. 2017இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு எடுத்துக்காட்டாகச் சொன்ன நகரங்களில் ஆலப்புழையும் ஒன்று. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரோ பெருநகரப் பாதையில் போனது. வாசலிலேயே பிரித்து வாங்கி, 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட நாளொன்றுக்கு 550 டன் கையாளும் திறன்கொண்ட ஆலையில் ஈரக் கழிவிலிருந்து வாகன எரிவாயு எடுக்கிறது. ஒன்று வீட்டளவில் பரவலாக்கிய முறை, மற்றொன்று மையப்படுத்திய முறை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே: குப்பை வீட்டைவிட்டு வெளியே வரும்போதே பிரிந்து வந்தது.

இந்த வாதத்துக்கு எதிராக அடிக்கடி எழும் குரல், ‘நாங்கள் பிரித்துத்தான் கொடுக்கிறோம், வண்டியில் ஒன்றாகப் போட்டுவிடுகிறார்களே’ என்பது. குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. பல ஊர்களில் இன்னும் அது நடக்கிறது. உள்ளாட்சி அமைப்புகள் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அது பிரிப்பதை நிறுத்துவதற்கான காரணம் ஆகாது. தெருவில் பத்து வீடுகளில் இரண்டு மட்டும் பிரித்துக் கொடுத்தால், தனி அறை கொண்ட வண்டி வந்தாலும் பயனில்லை. எட்டு வீட்டுக் கலப்படம் அந்த இரண்டையும் விழுங்கிவிடும். எட்டு வீடுகள் பிரித்துக் கொடுத்தால், கலக்கும் வண்டிக்காரரைக் கேள்வி கேட்கும் தகுதி அந்தத் தெருவுக்கு வருகிறது. பிரித்ததைத் தனியே அனுப்பும் கட்டாயம் அதிகாரிக்கு வருகிறது. இன்னொன்றும் உண்டு. ஈரக் கழிவைத் தெருவில் எல்லோரும் வீட்டிலேயே உரமாக்கிவிட்டால், வண்டி கலக்கிறதா என்ற கேள்வியே எழாது. உலர்ந்த குப்பை மட்டும் வெளியே போகும்போது, எத்தனை முறை கலந்தாலும் அது உலர்ந்த குப்பைதான்.

‘அடுக்ககத்தில் இடமேது, நாற்றம் வராதா, புழு வைக்காதா?’ என்பது அடுத்த தயக்கம். நாற்றம் வருவது ஈரம் மிகுந்து காற்று குறைவதால். தோட்டக்கலை தெரிந்தவர்கள் இதற்குச் சொல்லும் தீர்வு எளிது: ஒவ்வொரு முறை கழிவைக் கொட்டும்போதும் அதே அளவு காய்ந்த இலையோ தென்னை நார்க்கழிவோ மரத்தூளோ மேலே தூவ வேண்டும், வாரம் இருமுறை கிளறிவிட வேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் பழைய எருவோ புளித்த மோரோ சேர்த்தால் நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருகும். பக்கவாட்டில் துளையிட்ட பழைய பிளாஸ்டிக் வாளி இரண்டு போதும். ஒன்று நிறைந்து மக்கும்போது மற்றதை நிரப்பலாம். ஒன்றரை, இரண்டு மாதத்தில் கழிவு கருமையான எருவாகி, அளவு பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். பால்கனிகூட இல்லாத வீடுகளுக்கு இது சாத்தியமில்லை என்பது உண்மைதான். அவர்களுக்குச் சாத்தியமானது பிரித்துக் கொடுப்பது. உரமாக்குவது தெருவின் அல்லது வார்டின் பொறுப்பு. அடுக்ககச் சங்கங்களுக்கோ சாக்கு இல்லை. நீச்சல் குளத்துக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் இடம் கண்டுபிடித்த வளாகத்தில், நான்கு உரத்தொட்டிக்கு இடம் கிடைக்காமல் போகாது.

அரசியல் சார்ந்த எதிர்வாதம் இன்னும் கூர்மையானது: ‘ஆலைகளும் பெருநிறுவனங்களும் செய்யும் கேட்டுக்கு வீட்டுக்காரரைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள், வீட்டுக்குள்ளும் அந்தச் சுமை பெண் மீதுதான் விழும்.’ முதல் பாதிக்குப் பதில், பொருளைப் பொறுத்தது என்பதே. சிப்ஸ் பாக்கெட்டின் பல அடுக்கு உறைக்கு அதைத் தயாரிக்கும் நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும். வீட்டார் எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் மறுசுழற்சிக்குத் தகாத பொருளை மறுசுழற்சி செய்ய முடியாது. ஆனால் வெங்காயத் தோலை உருவாக்கிய நிறுவனம் எதுவும் இல்லை. அது தூய்மையாக, தனியாக இருக்கும் ஒரே கணம் அரிவாள்மனையிலிருந்து கூடைக்குப் போகும் கணம். அந்தக் கணத்தைத் தவறவிட்ட பிறகு எந்த நிறுவனமும் எந்த எந்திரமும் அதை முழுமையாக மீட்டெடுக்க முடியாது. இரண்டாம் பாதி நியாயமான எச்சரிக்கை. சமையல் பெண்ணின் வேலை என்று வைத்திருக்கும் வீட்டில், கழிவும் அவள் கணக்கில்தான் எழுதப்படும். அதற்கு மாற்று பிரிக்காமல் இருப்பதல்ல. சாப்பிட்ட தட்டை எடுத்துப்போய்ச் சரியான கூடையில் கொட்டுவதும், வாளியைக் கிளறுவதும், காலையில் வண்டிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் வீட்டு ஆண்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் உரிய வேலை என்று ஏற்பதுதான். கூடுதல் கூடை ஒன்று வைப்பதால் உழைப்பு கூடுவதில்லை. யார் செய்வது என்ற பழைய கேள்விதான் வெளிச்சத்துக்கு வருகிறது.

‘எல்லாவற்றையும் எரித்து மின்சாரம் எடுத்துவிட்டால் பிரிக்கவே வேண்டாமே’ என்ற யோசனை நிர்வாகத் தரப்பிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. ஈரக் குப்பை எரியாது என்பதே இதற்கு முதல் பதில். டெல்லி திமார்பூரில் 1987இல் டென்மார்க் உதவியோடு அமைக்கப்பட்ட குப்பை எரிப்பு மின்நிலையம், வந்த குப்பையின் வெப்பத்திறன் போதாமல் தொடங்கிய வேகத்திலேயே முடங்கியது. ஈரத்தை வற்றவைக்கவே எரிபொருள் செலவாகும் உலையில், மின்சாரம் எங்கிருந்து வரும்? போதிய வெப்பம் எட்டாமல் பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் போன்ற நச்சுகள் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது. அதைவிட முக்கியமாக, நாள்தோறும் இத்தனை டன் குப்பை தந்தே ஆக வேண்டும் என்று உலைக்கு ஒப்பந்தம் போட்ட நகரம், குப்பையைக் குறைக்கும் முயற்சியைத் தானே விரும்பாத நிலைக்குத் தள்ளப்படும். எரிப்பதற்கும் பிரித்த குப்பைதான் வேண்டும். பிரித்த பிறகோ எரிப்பதற்கு அதிகம் மிஞ்சாது.

உரமாக்குவதே உச்சம் என்று நினைத்துவிடவும் கூடாது. சோற்றை எருவாக்குவதைவிட வீணாக்காமல் சாப்பிடுவது மேல். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, 2022இல் உலகம் முழுவதும் வீணான உணவை 105 கோடி டன் என்றும், அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது என்றும் மதிப்பிட்டது. இந்திய வீடுகளில் ஒருவருக்கு ஆண்டுக்கு 55 கிலோ. ஒரு கிலோ அரிசி விளைய ஆயிரம் லிட்டருக்கும் மேல் தண்ணீர் தேவைப்படுகிறது. காவிரி நீருக்கு மாநிலங்கள் வழக்காடும் நாட்டில், கொட்டும் சோற்றோடு அந்த நீரையும் கொட்டுகிறோம். பிரித்து வைக்கும் வீடுதான் இதை முதலில் உணரும். கலந்த பையில் எவ்வளவு சோறு போனது என்று தெரியாது. தனிக் கூடையில் தினமும் கண்ணில் படும். அடுத்த நாள் அளவு பார்த்து உலை வைப்பதற்கும், மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கும் பழைய வழக்கத்துக்குத் திரும்புவதற்கும் அதுவே தூண்டுதலாகும்.

அரசு செய்ய வேண்டியது என்ன என்பதும் இதிலிருந்தே தெளிவாகிறது. விழிப்புணர்வுப் பேரணிகளைக் குறைத்துக்கொண்டு, பிரித்த குப்பையைப் பிரித்தே எடுத்துச் செல்லும் வண்டிகளை ஒவ்வொரு தெருவுக்கும் உறுதிசெய்ய வேண்டும். வார்டுதோறும் உள்ள நுண் உரமாக்கும் மையங்களில் முடங்கிக் கிடப்பவற்றை இயக்கி, விளையும் எருவை விவசாயிகள் எளிதில் வாங்க வழிசெய்ய வேண்டும். பிரித்துத் தராத பெரிய வளாகங்களுக்கு அபராதமும், வீட்டிலேயே உரமாக்குவோருக்குக் குப்பைக் கட்டணத்தில் தள்ளுபடியும் வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்கு நிரந்தர வேலையும் தகுந்த கூலியும் வேண்டும். கலந்த குப்பையை வாங்க மறுக்கும் உரிமையும் வேண்டும். மறுத்ததற்காக அவர்கள் மீது புகார் எழுதும் வீட்டாரின் பக்கம் அதிகாரி சாயக் கூடாது. இவை எல்லாம் நடந்த பிறகு பிரிக்கலாம் என்று காத்திருக்கும் வீடு, குப்பைமேட்டின் அருகே வாழ்பவரையும் அத்தனை காலம் காத்திருக்கச் சொல்கிறது. அப்படிச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. இரண்டாவது கூடை ஒன்றை வைப்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. அதை வைத்த பிறகுதான் அரசிடம் மற்றதைக் கேட்க நமக்கு வாய் இருக்கும்.